கல்பனாவின் கம்ப்யூட்டருக்கு நான் கட்டிய ராக்கெட்

என் மனைவி கல்பனா என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவி. அவளுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் பீட்டர் கடையில் கொடுத்து, தூசு தட்டி வாங்கி வர வேண்டும். வண்டியில் போகப் பத்து நிமிஷம், வரப் பத்து நிமிஷம். அந்த வேலை முடிய ஆறு மாதம் ஆனது. நடுவில் நான் ஒரு ராக்கெட் கட்டினேன்.

என் பெயர் துளசிராமன். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பதினோரு வருஷமாக சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். இரும்பு உருக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும் உலைக்கும் எனக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. உலையைச் சுற்றி, மின்சாரம் பாய்ந்து அதைச் சூடாக்கும் செம்புக் குழாய் ஒன்று சுருள் சுருளாக ஓடும். உள்ளே இரும்பு குழம்பாகக் கொதிக்கும்போது அந்தச் செம்பு உருகிவிடாமல் இருக்க, குழாய்க்குள் சுத்தமான தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் என் பொறுப்பு. நான்கு பம்பு, ஏகப்பட்ட வால்வு, தண்ணீரின் சுத்தத்தைக் காட்ட ஒரு மீட்டர்.

இந்த வேலையில் ஒரு குறை உண்டு. நான் ஒழுங்காக வேலை செய்தால் அங்கே ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்காக யாரும் யாரையும் மெச்சுவதில்லை. அதனால் என்னை நானே மெச்சிக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இந்த வருஷ வெயிலைப் பற்றி வாயைத் திறந்தால் போதும். ஆயிரத்து அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் நான் தண்ணீர் ஓட்டுகிற கதையை ஆரம்பித்துவிடுவேன். ரசம் வருவதற்குள் அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

கல்பனா திருவள்ளூர்க்காரி. வீட்டில் இருந்தபடியே எலிவேஷன் போடுகிறாள். திருநின்றவூர்ப் பக்கம் மனை பிரித்து விற்கிறவர்கள் அவளுக்குப் பிளானை அனுப்புவார்கள். வெறும் புல்லும் கல்லும் இருக்கிற இடத்தில் வரப்போகிற வீடு எப்படி இருக்கும் என்று அவள் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவாள். போர்ட்டிகோவில் கார் நிற்கும், மாடியில் செடி தொங்கும், சுவரில் சாயங்கால வெயில் விழும். அந்தப் படங்களைப் பெரிய பேனராக அடித்து ரோட்டோரம் வைப்பார்கள். ரயிலில் போகும்போது அவளுடைய வீடுகளை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். எனக்கு அதில் பெருமை உண்டு. கொஞ்சம் பொறாமையும் உண்டு என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த மாதிரி ஒரு படம் முழுதாக வெளியே வர கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். மே மாதம் அது பாதி வேலையில் தானாக அணைந்துபோக ஆரம்பித்தது.

"சூடாயி சூடாயி ஆஃப் ஆவுது. பீட்டர் கடையில குடுத்து தூசு தட்டிக்கினு வாங்க" என்றாள்.

நான் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. உலையையே குளிர வைக்கிற மனுஷனுக்கு இந்தப் பெட்டி எந்த மூலைக்கு என்று நான் பேச ஆரம்பித்தேன். அவள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க பம்பு ரூமில் டிபன் சாப்பிடும் நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கம்ப்யூட்டரைத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்கிறார்கள். சிப்பின் மேல் செம்புக் கட்டி ஒன்றை உட்கார வைத்து, அதற்குள் தண்ணீரை ஓட்டி, அந்தச் சூட்டை ஒரு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றுகிறார்கள். நான் தினமும் செய்கிற அதே வேலைதான், குட்டியாக. ஆனால் அவர்களுடைய குழாய்கள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. நீலத் தண்ணீர், சிவப்புத் தண்ணீர், உள்ளே விளக்கு. பெட்டியையே டிராகனாக, போர்க்கப்பலாக, கோட்டையாகச் செய்திருந்தார்கள். ஒருத்தன் ஓட்டிய தண்ணீரை நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பதினோரு வருஷத்தில் என் தண்ணீரைப் பார்த்தவர்கள் நானும், ஷிப்டில் எனக்குக் கீழே இருக்கும் அன்புசெல்வனும், வருஷத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்க வருகிறவரும்தான்.

எனக்கு அது பொறுக்கவில்லை.

என்ன உருவத்தில் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் தெருவில் எல்லாரும் மொட்டை மாடியில் இருப்போம். கம்பெனியில் என்றால் ஃபோர்மேன் உள்பட எல்லாரும் யார்டுக்கு வந்துவிடுவோம். ஆகவே ராக்கெட். மூன்றரை அடி உயரம். பக்கத்தில் அதைத் தாங்கி நிற்கும் டவர். கம்ப்யூட்டரின் உறுப்பெல்லாம் டவருக்குள் இருக்கும். ராக்கெட்டின் வயிறு ஒரு தெளிவான அக்ரிலிக் குழாய், அதுதான் தண்ணீர்த் தொட்டி. டவரிலிருந்து தண்ணீர் ஏறி ராக்கெட்டுக்குள் போகும், அடியில் நெருப்பு மாதிரி ஆரஞ்சு விளக்கு எரியும். பதினைந்து நாளில் முடித்துவிடுவேன் என்று கல்பனாவிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, தூசு தட்டுவது என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். அளவு போட்டேன். போட்ட அளவை மறுநாள் மாற்றினேன். சிப்காட் கேட்டுக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் பரசுராமன் என் பழைய சிநேகிதர். ராக்கெட்டின் மூக்கை அவரிடம் கடையக் கொடுத்தேன். இருபது வருஷமாக ஷாஃப்டும் புஷ்ஷும் மட்டுமே கடைந்த மனுஷர். என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றியபடி ஒன்றைக் கடைந்து கொடுத்தார். பளபளவென்று அழகாக இருந்தது. ஆனால் அது கோபுரக் கலசம். நடுவில் ஒரு பிதுக்கம், மேலே ஒரு கூர்மை. சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று அதையே வாங்கிவந்து மாட்டினேன்.

செம்புக் கட்டிகளும் பம்பும் ஆன்லைனில் வந்தன. நல்ல ரேடியேட்டர் வர ஒரு மாதம் ஆகும் என்று போட்டிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. பைபாஸ் ஓரத்து ஸ்கிராப் கடையில், பழைய காரிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர் ஒன்று கிடைத்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி டவரின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று தடவை கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் காய்ந்த பிறகு அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பதினைந்து நாள் என்றது நாலு மாதத்துக்கு மேல் போனது. கூடம் முழுக்க குழாய்த் துண்டும் ஸ்க்ரூவும் கிடந்தன. கல்பனா கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதை நோக்கித் திருப்பிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். அப்படி வைத்தால் அணைவதில்லை, இதுவே போதும்போல் இருக்கிறது என்று ஆகஸ்டில் ஒருமுறை சொன்னாள். நான் டிரில் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ராக்கெட் நிமிர்ந்து நின்ற நாளில் முதலில் பார்க்க வந்தது பக்கத்து வீட்டு எல்லம்மாக்கா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நல்லபடியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லதா போச்சு நைனா. ஃபில்டர் போட்டுட்டியா? ரெண்டு கொடம் புடிச்சிக்கலாமா?"

நான் அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அவருடைய குடம் இருந்தது. அதற்கடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எந்தக் கோயில் தேர் என்று மரியாதையாகக் கேட்டார். கலசத்தின் வேலை அது. ராக்கெட் என்று நானாகச் சொல்லாமல் அதை ராக்கெட் என்று கண்டுபிடித்தவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொள்கிறேன். மின்சாரம் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டி, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஃபிட்டர் வேலையில் குறை சொல்ல முடியாது. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீர்தான் ஊற்றினேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு லாஞ்ச் என்று எல்லாரையும் அழைத்தேன். லாஞ்ச் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன், வெட்கமில்லாமல். பரசுராமன் வெள்ளை வேட்டியில் வந்தார். அன்புசெல்வன் வந்தான். எங்கள் ஷிப்ட் கிரேன் ஆபரேட்டர் பென்னி வந்தான், கவுண்ட்டவுன் அவன் பொறுப்பு. எல்லம்மாக்கா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் கற்பூரத்தை ராக்கெட்டின் வால் இறக்கைக்குப் பக்கத்தில் கொளுத்திவிட்டார். அக்ரிலிக் இறக்கை ஒன்று சூட்டில் மெதுவாக வளைந்து, நாய்க்காது மாதிரி தொங்கியது. பென்னி பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான். மூன்று என்று சொன்னபோது தெருவில் கரண்ட் போய்விட்டது.

நாற்பது நிமிஷம் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தபோது எண்ணுவதற்கு யாருக்கும் தெம்பு இல்லை. நானாகப் போய் ஸ்விட்சை அழுத்தினேன்.

தண்ணீர் ஏறியது. டவரின் குழாயில் முதலில் குமிழும் தண்ணீருமாகத் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு ஒரே கோடாக ஏறி, வளைவில் திரும்பி, ராக்கெட்டின் வயிற்றுக்குள் சுழன்று இறங்கியது. அடியில் ஆரஞ்சு வெளிச்சம் அதன் வழியாக மேலே பரவியது. பதினோரு வருஷமாக நான் காதில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் கல்பனாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நல்லா கீது" என்றாள்.

கம்ப்யூட்டருக்குள் படம் போடுகிற, தொண்ணூற்று மூன்று டிகிரியில் கொதித்த கிராஃபிக்ஸ் கார்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. நான் ராக்கெட்டைப் படம் எடுத்துப் பதினொரு வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். அதில் ஒன்று ஊர் ஏரிப் பாசனக் குரூப். அங்கே ஒருவர், மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டார்.

இரண்டாவது வாரம் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியது. கலர் மாறுகிறதே என்று கல்பனா கேட்டாள். விளக்கு அப்படிக் காட்டுகிறது என்றேன். பார்க்க வந்தவர்களிடம் அது ஒரு ஸ்பெஷல் கலர் என்று சொன்னேன். மூன்றாவது வாரம் சாம்பல் நிறத்தில் தூள் தூளாக ஏதோ மிதந்தது. பென்னிக்குப் படம் அனுப்பினேன், மேகத்துக்குள்ளே ராக்கெட் போகிற எஃபெக்ட் என்று எழுதி.

இருபத்து மூன்றாவது நாள், செவ்வாய்க்கிழமை. நான் காலை ஷிப்டில் இருந்தேன். திருநின்றவூர் மனைக்காரர் ஒருவர் தன் பூமி பூஜைக்காக நான்கு நிமிஷ வீடியோ ஒன்று கேட்டிருந்தார். ஒரு தெரு முழுக்க நடந்துபோய் ஒவ்வொரு வீட்டையும் பார்க்கிற மாதிரி வர வேண்டும். கல்பனாவின் கம்ப்யூட்டர் அதற்காக இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அடியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றாள். குரலில் பதற்றமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உடனே வால்வை மூடு என்றேன். எந்த வால்வு என்று கேட்டாள். நான் யோசித்தேன். நான் வால்வு வைக்கவே இல்லை. வால்வு போடாத லைனை லைன் என்றே சொல்லாதே என்று அன்புசெல்வனிடம் மாதம் ஒருமுறையாவது சொல்லுகிறவன் நான். மெயினை அணைத்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் எல்லம்மாக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராக்கெட் காலியாக நின்றது. அதன் அடிவயிற்றில் சேறு மாதிரி ஒன்று தேங்கியிருந்தது. கல்பனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

இரண்டு நாள் வேலையும் போய்விட்டதா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள். வீடியோவை ஒரே துண்டாகப் போடாமல் படம் படமாகத் தனியாகச் சேமிக்கும்படி வைத்திருந்தாளாம். லாஞ்ச் நடந்த அன்றைக்கே எல்லாவற்றையும் இந்த ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றிவைக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

"அன்னிக்கேவா?" என்றேன்.

"அன்னிக்கேதான். நீங்க பென்னியாண்ட பேசிக்கினு இருந்தப்போ."

நல்லா கீது என்று சொன்ன வாயும், ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப்போன கையும் ஒரே பெண்ணுடையவை. என் மனைவிக்கு என்னைத் தெரியும். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் உங்களாண்ட கேட்டது இன்னா? தூசு தட்டிக் குடுங்கன்னேன். நீங்க எனக்கு இன்னா வேணும்னு ஒரு நாள்கூட கேக்கல. மூணு வாரமா அந்த பம்பு சத்தத்துலதான் ஆளுங்களாண்ட போன் பேசிக்கினு கீறேன். ஊட்டாண்ட மாவு மில்லு கீதான்னு கேக்கறாங்கோ."

பம்பு சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. பதினோரு வருஷமாகப் பம்பு ரூமில் இருக்கிறவனுக்கு அது அமைதி.

அன்று மத்தியானமே எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு இருவரும் பீட்டர் கடைக்குப் போனோம். பீட்டர் அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். செம்புக் கட்டியைத் திறந்தபோது, சீப்புப் பல் மாதிரி இருக்க வேண்டிய அதன் இடுக்குகளில் சாம்பல் சேறு அப்பியிருந்தது. ரேடியேட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசி முனை அளவுக்கு இரண்டு ஓட்டை. அவர் ஒரு திருப்புளியால் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் வெள்ளையாக மின்னியது.

"இது இன்னா மெட்டீரியல் சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியத்தைத் தண்ணீரே தின்றுவிடும். இது பெரிய ரகசியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்புசெல்வன் எங்கள் செம்பு லைனில் ஒரு அலுமினிய இணைப்பை மாட்டிவிட்டான் என்று அவனை ஷிப்ட் முழுக்க நிற்க வைத்துத் திட்டியவன் நான். அதோடு விடாமல், "செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேரக் கூடாது" என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு எழுதி பம்பு ரூம் சுவரில் மாட்டினேன். என் கையெழுத்து, கீழே என் பெயர். அந்தப் போர்டுக்கு அடியில் உட்கார்ந்துதான் நாலு மாதமாக இட்லியைத் தின்றுகொண்டே ராக்கெட்டைப் பற்றி யோசித்தேன்.

அலுமினியம் என்று பீட்டரிடம் சொன்னேன். அவர் ம் என்றார்.

கார்டு பிழைத்துவிட்டது. டவரின் அடியில் இருந்த பவர் சப்ளைதான் நனைந்து செத்துப்போயிருந்தது. பிறகு பீட்டர் கார்டின் பழைய விசிறியைக் கேட்டார். கழற்றினபடியே ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அதன் தகட்டிடுக்கிலிருந்து அவர் இடுக்கியால் ஒன்றை உரித்து எடுத்தார். கம்பளித் துண்டு மாதிரி ஒரே பாளமாக வந்தது. தூசு. அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஏன் என்னிடம் கொடுத்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குப்பைத் தொட்டி எதிர்ப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிஷத்தில் விசிறியைச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவி, புது பவர் சப்ளையோடு பழைய பெட்டியிலேயே எல்லாவற்றையும் மாட்டினார். கம்ப்யூட்டர் அறுபத்தெட்டு டிகிரியில் நிம்மதியாக ஓடியது.

தண்ணீர் இறங்கிய எங்கள் கூடத்துப் பிளக் பாயிண்ட் காயும்வரை கல்பனா இரண்டு நாள் பீட்டர் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மிச்சப் படங்களை முடித்தாள். பூமி பூஜைக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் ஷிப்டில் அன்புசெல்வனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவன் மூஞ்சியை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டான்.

"எத்தினி நாள்ல ஓட்டை வுந்துச்சிண்ணே?"

"இருவத்திமூணு."

"என்னுது ரெண்டு மாசம் தாங்குச்சே" என்றான்.

டிபன் நேரத்துக்குள் கிரேன் வரைக்கும் செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து கம்பெனியில் எனக்கு ராக்கெட் என்று பெயர். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிகூட, ராக்கெட் சார் இன்னும் பஞ்ச் பண்ணலையே என்கிறார்.

நவம்பர் முழுக்க மழை. ராக்கெட்டின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூலையில் நிறுத்தியிருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகிவிட்டேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்பனா வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். ஏதோ வீடு என்று நினைத்துப் போனேன். திரையில் என் ராக்கெட் நின்றது. டவர், குழாய், பம்பு, வளைந்த இறக்கை, கலசம் எல்லாம் அப்படியே. மௌஸை நகர்த்தினால் சுற்றிவந்தது. அதை வரைய அவளுக்கு ஒரு காலைப்பொழுது ஆகியிருந்தது.

"மூணு டிகிரி சாஞ்சி கீது, தெரியுமா?" என்றாள்.

நம்பாமல் போர்வையை எடுத்துவிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரி.

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "இதைத்தானே நான் பொழப்பா பண்ணிக்கினு கீறேன். அளவு போட்டு, வரஞ்சி, கட்டிக் காட்டறது. பக்கத்து ரூம்லயே உக்காந்துகினு இருந்தேன். என்னாண்ட ஏன் கேக்கல?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் நேரம் பிடித்தது. கேட்டிருந்தால் அது உன்னுடையதாக ஆகியிருக்கும் என்றேன். உன்னுடைய வீடெல்லாம் ரயிலிலிருந்து தெரிகிறது, நான் செய்கிற எதுவும் எங்கேயும் தெரிவதில்லை, ஒன்றாவது என்னுடையதாகத் தெரியட்டும் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போதே பத்தாங்கிளாஸ் பையன் பேசுவது மாதிரி எனக்கே இருந்தது. அவள் கிண்டல் செய்யவில்லை. மௌஸால் திரையிலிருந்த ராக்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"உங்களோடதாவே இருக்கட்டும். ஆனா நிக்கப்போறது என் டேபுள்ல. சத்தம் வரக் கூடாது. வால்வு வேணும். அடியில ஒரு தட்டு வேணும், ஒழுவுனா அதுல ஒழுவட்டும். அந்தக் கலசத்தை எடுத்துடுங்க, எனக்கு வேலை செய்ய சொல்லோ கோயில்ல உக்காந்திருக்கிற மாரி கீது."

நான் ஒரு பேப்பரை எடுத்து எழுதிக்கொண்டேன். ஃபோர்மேன் சொல்வதைக்கூட நான் எழுதிக்கொண்டதில்லை.

இரண்டாவது ராக்கெட்டை அவள் போட்ட படத்தின்படி கட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் அளவு இருந்ததால் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருந்தது. செம்பு ரேடியேட்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். பம்பு நிற்கிற இடத்தில் ரப்பர் கொடுத்தேன். தண்ணீர் கெடாமல் இருக்க மருந்து கலந்தேன். பரசுராமனிடம் புது மூக்குக்குப் படம் கொண்டுபோனபோது அவர் முகம் வாடிவிட்டது. பழையதில் என்ன குறை என்று கேட்டார். குறையே இல்லை, கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியாக இல்லை என்றேன். கலசத்தைத் திரும்ப வாங்கித் தன் பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். குங்குமம்கூட வைத்திருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் தயாராகிவிட்டது. டிஷ்யூ வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்தாயிற்று. இந்தத் தடவை யாரையும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து, நான் ஸ்விட்சைப் போடுவதாக மனதுக்குள் வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தேன். ராக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கே போட்டுவிட்டாளாம், அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டதாம். தண்ணீர் நேராக ஏறி, சுழன்று, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ ஜன்னல் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மறு கையால் என்னைப் பார்த்து, அந்தப் பக்கமாக நகர்ந்து நில்லுங்கள், வெளிச்சம் மறைக்கிறது என்று காட்டினாள்.

நான் நகர்ந்து நின்றேன். பேச்சு முடியக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை மூட்டு மூட்டாகக் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தது. போனை வைத்ததும், இட்லி மாவு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வருகிறீர்களா என்று கேட்டாள். சரி என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.